மண்ணில் வாழும் கிருமியும் மறக்கக் கூடாத மருந்தும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது ஒரு சகோதரர் எழுந்து கேள்வி ஒன்றைக் கேட்டார். பைத்துல்மால் கணக்கில் மருத்துவ உதவி என்னும் தலைப்பின் கீழ், ஒரே நபருக்கு இரு முறை பெருந்தொகை எழுதப்பட்டிருக்கின்றதே, அது ஏன் என்பது அவருடைய வினா. கேட்டது முற்றிலும் நியாயம். பொதுப்பணத்திற்குக் கேள்வி கேட்கும் ஜமாஅத்தே உயிருள்ள ஜமாஅத். பொருளாளர் அவர்கள் ரசீதுகளைக் காட்டி விட்டார்கள். ரசீதில் இல்லாத பதில் ஒன்று என்னிடம் இருக்கின்றது. வழக்கமாக மார்க்க உரைக்கு ஒதுக்கப்படும் இந்த நேரத்தை, தலைவர் அவர்களின் அனுமதியோடு அதற்காக எடுத்துக்கொள்கின்றேன். நான் மருத்துவன் அல்லன், மத்ரஸாவில் ஓதியவன். நோயாளியுடன் சென்றபோது மருத்துவர்கள் எனக்கு விளக்கியதையும், பின்னர் தேடிப் படித்ததையும் கூறுகின்றேன். எழுதி வைத்த குறிப்பை ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்தியும் பெற்றுள்ளேன்.

நம் மையவாடியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கபுறுக் குழி வெட்டி வருபவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவருடைய இசைவைப் பெற்றே பேசுகின்றேன். பெயரை மட்டும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2023ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மூரில் அடுத்தடுத்து நான்கு ஜனாஸாக்கள் நிகழ்ந்தன. குழி வெட்ட வெட்ட ஊற்று நீர் நிறைந்தது. வாளியால் இறைத்துவிட்டு, முழங்கால் அளவு சேற்றில் வெறுங்காலோடு நின்று அவர் வெட்டினார். காலில் மண்வெட்டி பட்ட சிறு காயமும் இருந்தது. அவருக்கு எட்டாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்பவர் அல்லர்.

கார்த்திகை இறுதியில் மாலை வேளைகளில் காய்ச்சல் வரத் தொடங்கியது. இருமல் வந்தது, உடல் மெலிந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் போன்ற ஒரு கறை. சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. ஆயினும் அறிகுறிகள் அனைத்தும் காசநோயையே காட்டியதால் அதற்குரிய மருந்தைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் ஒரு மருத்துவர் அவ்வாறு கருதியதைக் குறை கூற முடியாது. ஆறு வாரங்கள் கடந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. பிறகு வலது முழங்கால் வீங்கியது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். காசநோய் என்று செய்தி பரவியதும், ஸஃப்பில் அவருக்கு அருகே நிற்கச் சிலர் தயங்கினார்கள். முஸாஃபஹா செய்யக் கை நீட்டியவரும் குறைந்தனர். நம் பெற்றோருக்குக் குழி வெட்டிய கைகள் அவை.

தை மாதம் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் பழைய சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். என்ன தொழில் செய்கின்றீர்கள்? மழையில் மண்ணிலும் சேற்றிலும் இறங்கினீர்களா? சர்க்கரை உண்டா? பதிலைக் கேட்டதும் முழங்காலிலிருந்து சீழும், கையிலிருந்து இரத்தமும், சிறுநீரும், சளியும், தொண்டையில் தடவி எடுத்த பஞ்சும் என அனைத்தையும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள் இருந்தன. சில நாட்களில் முடிவு வந்தது. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். நானும் அன்றுதான் அச்சொல்லை முதன்முதலாகக் கேட்டேன்.

சகோதரர்களே! இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஊரின் பெயர் நம் பாட்டனார்களுக்கு மிகவும் பழக்கமானது. அது இரங்கூன். நம்மவர்கள் அங்கே கடை வைத்து வாணிபம் செய்த காலத்தில், 1911ஆம் ஆண்டில், இரங்கூன் பொது மருத்துவமனையில் இறந்தோரின் உடல்களைச் சோதித்து வந்தார் ஆல்ஃப்ரெட் விட்மோர் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவருக்குத் துணையாக இருந்தவர் சி.எஸ். கிருஷ்ணசாமி என்னும் மருத்துவர். ஆதரவற்ற ஏழைகள், மார்ஃபின் ஊசிக்கு அடிமையானோர் ஆகியோரின் உடல்களில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், தோலுக்கு அடிப்புறம் எனப் பல இடங்களில் சீழ்க்கட்டிகள் இருப்பதை அவ்விருவரும் கண்டார்கள். குதிரைகளிடமிருந்து பரவும் கிளாண்டர்ஸ் என்னும் நோயைப் போலவே அது இருந்தது. ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரையோடு தொடர்பே இல்லை. கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, கிளாண்டர்ஸ் கிருமி நகராதது, இதுவோ நகரக்கூடியது என்பது விளங்கிற்று. 1912ஆம் ஆண்டு இதனைப் புதிய நோய் என்று எழுதி வெளியிட்டார்கள். மெலியாய்டோசிஸ் என்னும் பெயரைப் பின்னாளில் கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்னும் இருவர் சூட்டினார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்ததாம். பெயரில் கழுதை இருந்தாலும் நோய் இருப்பது மண்ணில்.

பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்னும் அந்தக் கிருமி வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கின்றது. நெல் வயலும் அதற்கு உகந்த இடமே. மழைக்காலத்தில் அது மேற்பரப்புக்கு வருகின்றது. தோலில் உள்ள காயத்தின் வழியாகவும், பெருமழையும் காற்றும் கலந்து அடிக்கும்போது மூச்சின் வழியாகவும், சுத்திகரிக்கப்படாத நீரைக் குடிப்பதாலும் உடலுக்குள் நுழைகின்றது. ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோயாளிகளையே பெரிதும் தாக்குகின்றது. இந்நோய் கண்டவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை உள்ளவர்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நுரையீரல் நோய், தலசீமியா, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியனவும் வழி திறந்து விடுகின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது அரிதினும் அரிது. எனவே ஸஃப்பில் விலகி நின்றவர்கள் அஞ்ச வேண்டிய காரணமே இருக்கவில்லை.

சிலரை அது சில நாட்களிலேயே வீழ்த்தி விடும். சிலரிடம் மாதக்கணக்கில் காசநோயின் வேடமிட்டு மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். இன்னும் சிலரிடம் ஓசையின்றி உறங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதை 2005ஆம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதியிருக்கின்றார்கள்.

இதனை அரிய நோய் என்பார்கள். அரிதாகக் காணப்படுகின்றது என்பது உண்மை. அரிதாக இருக்கின்றதா என்பது வேறு கேள்வி. இலங்கையில் முதல் நோயாளி 1927லேயே பதிவானார். இந்தியாவில் இந்நோய் வெளியே தெரிவதைவிட மறைந்திருப்பதே மிகுதியாக இருக்கலாம் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்கள். 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுதோறும் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும், அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும், சுமையில் ஏறத்தாழப் பாதி தெற்காசியாவின் மீது விழுவதாகவும் கூறிற்று. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில், வெளிநாடு எதற்கும் செல்லாத நால்வருக்கு இந்நோய் வந்து இருவர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது இந்தியாவில் தயாரான, வீட்டில் நறுமணத்திற்காகத் தெளிக்கும் ஒரு திரவத்தில் கிருமி இருந்தது. மண்ணில் மட்டுமே தேடினால் போதாது போலும்.

கண்டுபிடிப்பதில் உள்ள இடர்ப்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர் இரண்டு மாதம் வீணாகத் துன்புற்றது அதனால்தான். இரத்தத்தையோ சீழையோ ஊட்டப்பொருள் மீது இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. அதைத்தான் கல்ச்சர் என்கிறோம். ஒருமுறை செய்து ஒன்றும் வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட இயலாது. பல இடங்களிலிருந்து எடுத்து, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வளர்ந்த பின்னும் ஒரு சிக்கல் உண்டு. பார்வைக்கு அது சூடோமோனாஸ் என்னும் சாதாரணக் கிருமியை ஒத்திருப்பதால், வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கி விடக்கூடும். பழகிய கண்ணுக்கு அடையாளங்கள் தெரியும். நுண்ணோக்கியில் இரு முனைகளும் சாயம் ஏறி ஊக்கு போலத் தோன்றும். இன்னொன்று எனக்கு மிகவும் வியப்பளித்தது. சூடோமோனாஸ் கிருமியைப் பொதுவாக அடக்கும் ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் இது அடங்குவதில்லை. அதற்கு எடுபடாத கோ-அமாக்ஸிக்ளாவ் மருந்துக்கோ இது அடங்கிவிடும். பெரிய கருவி எதுவும் இல்லாத ஊரிலும், இந்தத் தலைகீழ் நடத்தையைக் கண்டு ஐயுற்று, மாதிரியைப் பெரிய ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். ஆனால் ஐயம் பிறக்க வேண்டுமே! அதனை அந்த மூன்று கேள்விகள்தாம் பிறப்பித்தன. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் மழைக்காலத்தில் நீடித்த காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேட்காவிட்டாலும் தம் தொழிலையும், மண்ணில் இறங்கியதையும் தாமே முன்வந்து கூற வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, காசநோய்க்கு மருந்து உண்பவர் எவரும் தமக்கும் வேறு நோய்தான் என்று தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. காசநோய் நம்மிடையே இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

சிகிச்சை இரண்டு கட்டமாகச் செய்யப்படுகின்றது. முதலில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தை நரம்பின் வழியாகக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் செலுத்துவார்கள். மூட்டில் இறங்கியிருந்தால் நான்கு வாரங்கள், எலும்பில் இறங்கியிருந்தால் ஆறு வாரங்கள். சீழ் தேங்கிய இடத்தைத் திறந்து வடிக்கவும் வேண்டும். தாய்லாந்தின் உபோன் ரட்சதானி நகரில் நடந்து 1989ல் வெளியான ஆய்வில், கடும் நோயுற்றோருக்குப் பழைய மருந்துகளைக் கொடுத்தபோது நூற்றுக்கு 74 பேர் இறந்தார்கள். செஃப்டாசிடைம் கொடுத்தபோது 37 பேர். இறப்பைப் பாதியாகக் குறைத்த மருந்து அது. ஆனால் காய்ச்சல் உடனே இறங்காது; சரியான மருந்து செலுத்தும்போதும் ஒன்பது, பத்து நாட்கள் நீடிக்கலாம். நம்மவருடைய மனைவி ஏழாம் நாள் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாமா?" என்று அழுதார்கள். மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அவர்களைத் தடுத்து நிறுத்த முடிந்தது. பதினோராம் நாள் காய்ச்சல் நின்றது.

இரண்டாம் கட்டம் வீட்டில் நடப்பது. கோ-டிரைமாக்சசோல் என்னும் மாத்திரையைக் காலையும் இரவும், குறைந்தது மூன்று மாதங்கள் உட்கொள்ள வேண்டும். எலும்பிலோ மூளையிலோ நோய் இருந்தால் ஆறு மாதங்கள். உடலைக் காக்கும் அணுக்களுக்குள்ளேயே இக்கிருமி புகுந்து ஒளிந்துகொள்ளக் கூடியது. ஆகவேதான் காய்ச்சல் போனபின்னும் இத்தனை நீண்ட மருந்து. மாத்திரை விலை குறைவு. அரசு மருந்தகங்களிலும் புழங்குவது. குமட்டல், தோலில் தடிப்பு, சிறுநீரகத்தில் சுமை ஆகியன ஏற்படலாம் என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனை தேவை. நோய் திரும்பி வருவதற்குத் தலையாய காரணம் இந்த இரண்டாம் கட்ட மாத்திரைகளை முடிக்காமல் விடுவதுதான்.

நம்மவருக்கும் திரும்பி வந்தது. கணக்கில் இரண்டாம் முறை எழுதப்பட்டிருக்கும் தொகை அதற்குரியது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

நான்கு வாரம் மருத்துவமனையில் இருந்து மாசியில் வீடு திரும்பினார். 2024 மார்ச் நடுவே ரமளான் பிறந்தது. முதல் தராவீஹ் இரவு, இகாமத்துக்குச் சற்று முன்பு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "ஹஜ்ரத், மாத்திரை முழுங்கினா நோன்பு முறிஞ்சிடுமா?" என்றார். "முறிந்துவிடும் பாய், உடம்புக்கு முடியாவிட்டால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டு முஸல்லாவை நோக்கி நடந்தேன். நான் கூறிய சட்டத்தில் பிழையில்லை. ஆனால் எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை. அவருடன் மருத்துவமனையில் இருந்தவன் நான். அறியாதவன் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அவருக்கு என் பதிலின் முற்பாதி மட்டுமே காதில் விழுந்தது. உடம்பும் தேறியிருந்தது. முதலில் காலை மாத்திரையை விட்டார். பிறகு இரவு மாத்திரையும் நின்றது. பெருநாள் கழிந்தும் தொடங்கவில்லை.

அந்த மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கொள்வது. மருத்துவர் இசைந்தால் ஸஹரில் ஒன்றும், இஃப்தாருக்குப் பின் ஒன்றுமாக வேளையை அமைத்திருக்கலாம். அவருடைய சர்க்கரையும், நீர் அதிகம் அருந்த வேண்டிய தேவையும் அதற்கு இடந்தராவிட்டால், நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகை இருக்கவே இருக்கின்றது. இரண்டில் எது என்பதை அறிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நான் செய்யவில்லை.

ஆனி மாதம் மீண்டும் காய்ச்சல். இம்முறை முழங்காலுக்குக் கீழ் எலும்பிலேயே நோய் இறங்கியிருந்தது. அறுவை செய்து எலும்பைச் சுரண்டினார்கள். ஆறு வாரம் நரம்பில் மருந்து, அதன்பின் ஆறு மாதம் மாத்திரை. காலை எடுக்க நேரிடலாம் என்றுகூட ஒருநாள் சொன்னார்கள், அல்லாஹ் காத்தான். இந்த முறை அவருடைய இளைய மகள் நாட்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு இட்டு வந்தாள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாத்திரை முடிந்தது. இன்று சற்றுக் காலை இழுத்து நடக்கின்றார், காய்ச்சல் இல்லை. சர்க்கரை மாத்திரையையும் இப்போது அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுக்கின்றாள்.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரருக்கு என் பதில் இதுதான்: முதல் தொகை நோய்க்குச் செலவானது, இரண்டாவது தொகை நாம் கவனிக்காமல் விட்டதற்குச் செலவானது. அவர் வெட்டியது நம் ஜனாஸாக்களுக்கான குழி. மழையில் இறங்குகின்றவருக்குக் காலுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்க இருபது ஆண்டுகளாக எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நிர்வாகக் குழுவிடம் சில கோரிக்கைகளை வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பைத்துல்மாலில் நீண்டகால மருந்துக்கு உதவி பெறுபவர்களை, மருந்து முடியும் வரை மாதம் ஒருமுறை இளைஞர் ஒருவர் வீட்டில் சென்று பார்ப்பார். ரமளானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே, மருந்து உண்போர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வர வேண்டும் என்று ஜும்ஆவில் அறிவிப்புச் செய்வேன். வந்தவரை நிற்க வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் சர்க்கரை உள்ளவரும், காலில் புண் உள்ளவரும் ஜனாஸாவை வைக்கக் குழிக்குள் இறங்க வேண்டாம். உறவினராயினும் வேறொருவர் இறங்கட்டும். வயலில் இறங்குவோர் காயத்தை நீர் புகாதபடி மூடிக்கொள்ளுங்கள்; வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுங்கள்; குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்திற்கு வரவில்லை.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடியும், தடித்த கையுறைகளும் வாங்கி, ஸந்தூக் வைக்கும் அறையில் வைத்திருக்கின்றோம். சாவி மோதினாரிடம் இருக்கின்றது. சென்ற மாதம் நடந்த அடக்கத்தில் நம்மவர் அவற்றை அணிந்துதான் இறங்கினார். உள்ளே கால் வேர்க்கின்றது, மண்வெட்டியை மிதிக்கப் பிடிமானம் இல்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அடிப்பாகத்தில் பள்ளம் வெட்டிய வேறு வகை பூட்ஸ் விவசாயச் சாமான் கடையில் கிடைப்பதாகப் பொருளாளர் கூறுகின்றார். அதற்கான தொகையை வரும் ஆண்டின் கணக்கில் காண்பீர்கள்.